கப்பலைக் கூப்பிட்ட பெண் குரல்

என் அப்பாவுக்கு ஆவடி ஃபேக்டரியில் வேலை. காலையில் சங்கு ஊதினால் போவார். சாயங்காலம் சங்கு ஊதினால் கொஞ்ச நேரத்தில் வாசலில் சைக்கிள் சத்தம் கேட்கும். ஆண்பிள்ளை என்றால் சாயங்காலம் வீட்டுக்கு வருகிற ஆள் என்றுதான் குவார்ட்டர்ஸில் வளர்ந்த எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவளைப் பிடித்துச் சரக்குக் கப்பல் ரேடியோ ஆபீசருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். வருஷத்தில் பாதிக்கு மேல் அவர் கடலில், நான் மேனாம்பேட்டு வீட்டில்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு லீவுக்கு வந்தபோது சிங்கப்பூரிலிருந்து கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். நாம் டைப் அடிப்பதை அது வாய்விட்டுப் படிக்கும். அடுத்த கப்பலுக்கு அழைப்பு வந்துவிட்டது, கிளம்ப ஒரு வாரம்தான். அந்த வாரத்தையாவது என்னோடு கழிப்பார் என்று பார்த்தால், மனுஷன் கம்ப்யூட்டர் முன்னாலேயே பழியாய்க் கிடந்தார். சர்ச் வாலிபர் கூட்டத்துக்கு ஏதோ செய்கிறாராம். அந்தக் காலத்தில் மூழ்கப்போகிற கப்பல்கள் மோர்ஸ் தந்தியில் அடித்த அபாயச் செய்திகளைப் பழைய புத்தகம் ஒன்றிலிருந்து எடுத்து, தமிழாக்கி, இங்கிலீஷ் எழுத்தில் டைப் அடித்து, கம்ப்யூட்டரைப் பேசவைத்து, கேசட்டில் பிடித்துக்கொண்டிருந்தார்.

“வெறும் பீப் பீப்னு போட்டா எந்தப் புள்ளைக்குப் புரியும்? பேசுனாதான் கேப்பானுங்கோ” என்றார். கள்ளிக்குப்பத்தில் பிறந்து வளர்ந்தவர். உலகமெல்லாம் சுற்றியும் பேச்சு மாறவில்லை.

பீப் பீப் எனக்குப் புதிதில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் அதைத் தட்டிப் பழகுவதைக் கேட்டபடியே சமைத்திருக்கிறேன். ஒரு நாளும் பயந்ததில்லை.

கம்ப்யூட்டர் பேசியதும் முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். “கப்பல் முளுகுது, சீக்ரம் வாங்கோ” என்று அது சொன்னது, வெள்ளைக்காரப் பாதிரி தமிழில் பிரசங்கம் செய்வதுபோல் இருந்தது. “ஐயோ, நிறுத்துங்க, வயிறு வலிக்குது” என்றேன். அவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

பிறகு முழுசாகப் போட்டுக் காட்டினார். மூழ்குகிற கப்பலுக்கு ஆண் குரல், உதவிக்கு ஓடிவருகிற கப்பலுக்குப் பெண் குரல். “எந்தக் கப்பல் பேசுதுன்னு தெரியணும்ல, அதுக்கோசரம்தான்” என்றார். எஞ்சின் அறையில் தண்ணீர் என்றது ஆண் குரல். வந்துகொண்டிருக்கிறோம் என்றது பெண் குரல். விளக்கு அணையப்போகிறது என்றது ஆண். பெண் கூப்பிட்டது. பதில் இல்லை. திரும்பக் கூப்பிட்டது. பதில் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டதும் நிறுத்திவிட்டு, “இன்னா, எப்டி கீது?” என்று என் முகத்தைப் பார்த்தார்.

அன்றைக்குப் பயந்துவிட்டேன்.

“நெஜமா எவ்ளோ நேரம் கூப்ட்டாங்க?”

“விடியற வரிக்கும்.”

“அப்புறம் ஏன் மூணு தடவையோட நிறுத்திட்டீங்க?”

“அதையே போட்டுகினு இருந்தா கேக்கறவனுக்கு போர் அடிக்கும்மா.”

“போர் அடிக்குமா? உங்களுக்கு போர் அடிக்குமா?” என்று கத்தினேன். அடுப்பில் பால் பொங்கும் வாசனை வந்தது, போய்த் தொலையட்டும் என்று விட்டேன். “அங்க கத்திக்கிட்டு இருக்கறது யாருன்னு நெனச்சீங்க? நான்தான். இந்தத் தடவ போகாதீங்க.”

கல்யாணமாகி அதுவரை நான் அப்படிக் கேட்டதே இல்லை. அவர் கம்ப்யூட்டரை அணைத்தார். பிறகு, “நீ போன்னு சொன்னாதான் போவேன்” என்று சொல்லி, பாதி அடுக்கிய பெட்டியை மூடி வைத்துவிட்டார். எனக்கு இன்னும் ஆத்திரம். முடிவை என் தலையில் கட்டிவிட்டாரே! அவருக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். வீட்டில் உட்காரவைத்து நான் என்ன செய்யப்போகிறேன்? நாலு நாள் சரியாகப் பேசவில்லை நாங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கேசட்டைப் போட்டார். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். என்னைப் போலவே பிள்ளைகளும் முதலில் சிரித்தார்கள், பிறகு அடங்கினார்கள். பெண் குரல் கூப்பிட ஆரம்பித்தது. மூன்றோடு நிற்கவில்லை. கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. கேசட்டின் மிச்சம் முழுக்க அதையே பதிந்து வைத்திருக்கிறார்! யாரோ இருமினார்கள். பின்வரிசையில் பிள்ளைகள் நெளிந்தார்கள். போதும் என்று பாஸ்டர் கை காட்டினார். என் வீட்டுக்காரர் மாட்டேன் என்று தலையாட்டிவிட்டு, டேப் ரிக்கார்டர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து, எல்லார் முன்னாலும் நடந்துபோய் டேப்பை நிறுத்தினேன். 

“போயிட்டு வாங்க” என்றேன். “ஆனா நான் கூப்ட்டா பதில் சொல்லணும்.”