தெபுவும் தெபுவானும்

காலையில் ஆள் கூடும் பெரட்டில் ஆள் கணக்கைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட வேண்டும் என்று நிர்வாகம் சொன்ன பிறகுதான் நான் டச் ஸ்க்ரீன் போன் வாங்கினேன். அதுவரை என்னிடம் இருந்தது பட்டன் போன். சேற்றில் விழுந்தாலும் துடைத்துவிட்டுப் பேசலாம். புதியதை சுங்கை பட்டாணியில் ஒரு கடையில் வாங்கினேன். கடைக்காரப் பையன், "லேசா தொட்டா போதும் ஆன்ட்டி, ஸ்மூத்தா போகும்" என்றான். அவன் விரலுக்குப் போனது. என் விரலுக்குப் போகவில்லை.

கோலா கெத்தில் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, பிறகு வெட்டாளர்களை மேற்பார்க்கும் மண்டோரானவள் நான். உளி பிடித்து விரல்நுனி தேய்ந்துவிட்டது. கைரேகையை வைத்தால் 'மீண்டும் முயலவும்' என்று காட்டும். வெயிலில் திரை தானாக மங்கும். ஒரு துளி தண்ணீர் பட்டால் யாருக்கோ தானாகவே கால் போகும். ஒருமுறை மேனேஜருக்கே போய், நான் வெட்டாளர்களைத் திட்டியதை எல்லாம் அவர் நிதானமாகக் கேட்டிருக்கிறார். பாலும் அதற்கு ஆகாது. காய்ந்த பால் ஒரு தோல் மாதிரி விரலை மூடிக்கொள்ளும். அந்த விரலால் எத்தனை தட்டு தட்டினாலும் போன் மரக்கட்டை மாதிரிக் கிடக்கும். எரிச்சல் வரும், திட்டுவேன், அத்தோடு சரி. இதனால் ஒரு உயிருக்கு ஆபத்து வரும் என்று நினைத்ததே இல்லை.

ஒன்பதாம் பிளாக்

பொங்கலுக்குச் சில நாள் இருந்தது. அந்த மாதத்தில் எங்கள் பக்கம் மழை அபூர்வம். அன்று பால் எடுக்கும் நேரத்தில் வானம் கறுத்துவிட்டது. மரத்தில் பால் பிடிக்கும் மங்கில் மழைத்தண்ணீர் விழுந்தால் அன்றைய பால் வீண். அதனால் மண்டோர் என்று பார்க்காமல் நானும் வாளி எடுத்துக்கொண்டு மர நிரையில் இறங்கினேன்.

பக்கத்து நிரையில் அந்தோணி அண்ணன். நான் வெட்டாளராக இருந்த காலம் தொட்டு எனக்குப் பக்கத்து நிரைக்காரர். அவசரத்தில் தோளில் வாளி தூக்கும் அவருடைய காண்டாக் கம்பு ஒரு தாழ்ந்த கிளையில் இடித்திருக்கிறது. அங்கே குளவிக் கூடு இருந்ததை அவர் பார்க்கவில்லை.

"சரசு, ஓடு! ஓடு!" என்று கத்திக்கொண்டே என் பக்கம் வந்தார். வாளி கவிழ்ந்து உடம்பெல்லாம் பால். நான் ஓடவில்லை. அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே மண்பாதைக்கு வந்தேன். எனக்கும் இரண்டு கொட்டு. அவருக்கு முகம், கழுத்து எல்லாம். பாதையில் உட்காரவைத்தபோது உதடு வீங்க ஆரம்பித்திருந்தது.

"மூச்சு... இழுக்குது சரசு" என்றார்.

போனை எடுத்தேன். இரண்டு கையிலும் பால். வலது ஆள்காட்டி விரலில் இருந்ததைப் பல்லால் உரித்துத் துப்பினேன். தோட்ட வேன் ஓட்டும் கணேசனுக்குக் கால் போட்டேன். லைன் ஒரே ஒரு கோடு, உடனே அறுந்துவிட்டது. மெசேஜ் போய்விடும் என்று தோட்டத்து வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தேன். அதில் மலாய்க்காரர்களும் வங்காளதேசத்துப் பையன்களும் இருப்பதால் எல்லாரும் மலாயில்தான் எழுதுவோம். குளவிக்குத் 'தெபுவான்'. 'தெபுவான், பிளாக் ஒன்பது, சப்பாட்' என்று அடித்தேன். சப்பாட் என்றால் சீக்கிரம். மழை திரையில் விழுந்தது. இரண்டு எழுத்து தட்டினால் ஒன்றுதான் விழும். மீதியைப் போனே தன் இஷ்டத்துக்கு முடித்துக்கொள்ளும். படித்துப் பார்க்க நேரமில்லை. அனுப்பிவிட்டு, சாயப்போன அண்ணன் தலையைத் தாங்கினேன்.

கொஞ்ச நேரத்தில் போன் டிங் என்றது. யாரோ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். அடுத்தது ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி: தனக்கு இரண்டு கட்டு எடுத்துவைக்கச் சொல்லியிருந்தார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மேலே நான் அனுப்பியதைப் பார்த்தேன். 'தெபு, பிளாக் ஒன்பது, சப்பாட்.'

தெபு என்றால் கரும்பு. பொங்கல் நேரத்தில் மண்டோர் கரும்பு கொடுக்கிறாள், சீக்கிரம் வாருங்கள் என்று தோட்டமே படித்திருக்கிறது.

அண்ணன் தொண்டையில் விசில் மாதிரி ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. திருத்தி எழுதலாம் என்று தட்டினேன். அவர் சட்டையைப் பிடித்ததில் உரித்த விரலிலும் பால் ஏறிவிட்டிருந்தது. திரை அசையவில்லை. அப்போதுதான் போன் அடித்தது. கணேசன். பச்சை வட்டத்தை மேலே தள்ள வேண்டும். தள்ளினேன். கட்டைவிரலால் தள்ளினேன், முட்டியால் தள்ளினேன். அது அடித்துக்கொண்டே இருந்தது. இது நின்றுபோனால் அண்ணன் செத்துவிடுவார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

உடம்பில் பால் படாத இடம் முகம்தான். பாவாடை உள்மடிப்பில் திரையைத் துடைத்து, குனிந்து, மூக்கால் தள்ளினேன்.

"அக்கா, தெபு எவ்ளோ இருக்கு? மோட்டார்ல வந்தா போதுமா, வேன் எடுக்கணுமா?"

"தெபு இல்லடா! தெபுவான்! அந்தோணி அண்ணன குளவி கொட்டிருச்சு, மூச்சு விட முடியல. வேன் கொண்டாடா!"

போன் வழியாகவே வேன் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

பிறகு

டவுன் கிளினிக்கில் ஊசி போட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் தொண்டை மூடியிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். வெளியே வந்து கணேசன் அழுதான். "மோட்டார எடுத்துட்டுக் கெளம்பத்தான் இருந்தேங்கா. கேட்டுப் பாப்பமேன்னுதான் லா கால் பண்ணேன்" என்றான். நான் அந்தப் போனைத் தரையில் அடிக்க ஓங்கினேன். அவன்தான் கையைப் பிடித்துக்கொண்டான்.

பெரியாஸ்பத்திரியில் இருந்து அண்ணன் வீடு திரும்பிய அன்று குரூப்பில் அவருடைய மெசேஜ் ஒன்று வந்தது. மலாயில் இரண்டே வார்த்தை. 'தெபு மானா?' கரும்பு எங்கே என்று கேட்டிருந்தார். நான் பெரட்டுக் களத்தில் நின்று சிரித்தேன். சிரிக்கும்போதே அழுகை வந்துவிட்டது.

இப்போது மண்டோர் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். அவசரம் என்றால் எழுதாதீர்கள், குரலில் சொல்லுங்கள். இன்னொன்று, நிரையில் இறங்கும்போது ஒரு விரலையாவது பால் படாமல் வைத்துக்கொள்ளுங்கள். நான் அதன் பிறகு இடது சுண்டு விரலில் துணி சுற்றித்தான் வாளியைத் தொட்டேன்.

வேலையை விட்டு வீட்டில் இருக்கிறேன். சப்பாத்திக்கு மாவு பிசையும்போதுகூட அந்தச் சுண்டு விரல் மட்டும் தானாக மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது.