நூற்றுக்கு நூறு வாங்கிய தங்கச்செல்வி

தங்கச்செல்வி அக்காவுக்கு மெமோ கொடுத்திருக்கிறார்கள். ஆன்லைன் பயிற்சியை முறைகேடாக முடித்தாராம். நரிக்குடிப் பக்கம் ஐந்து கிராமங்களுக்கு இருபத்தோரு வருடமாகச் சுகாதார நர்ஸாக இருப்பவர். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கருவேலங்காட்டு வழியே நடந்து போய்வந்த காலத்தில் அவரைப் பாராட்டி ஒரு துண்டுக் காகிதம் வந்ததில்லை. இப்போது மெமோ மட்டும் வீடு தேடி வருகிறது. முறைகேடு செய்தது அவர் ஒருவரா? அவரோடு சேர்த்து நர்ஸுகள் நாங்கள் இருபத்திரண்டு பேர் செய்தோம். நானும் ஒருத்தி.

பிறந்த பிள்ளை மூச்சுவிடவில்லை என்றால் முதல் ஒரு நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் பயிற்சி. முதலில் செல்போனில் நாற்பது மணி நேர வீடியோ, கேள்வி பதில். அதற்குப் பிறகு ஒருநாள் வகுப்பு. அங்கே பொம்மையை வைத்துச் செய்து பழக வேண்டும். காகிதத்தில் நல்ல திட்டம்தான். அந்த நாற்பது மணி நேரத்துக்கு நாங்கள் எங்கே போவது? பகலெல்லாம் வீடு வீடாக அலைச்சல். வந்து உட்கார்ந்தால் அன்றைய விவரங்களை ஐந்து ஆப்பில் பதிவேற்ற வேண்டும். என் துணை சுகாதார நிலையத்தில் சிக்னல் வேண்டுமானால் கண்மாய்க் கரை ஏற வேண்டும். இதில் பதினைந்து நாள் கெடு வேறு.

அதனால் நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்தோம். செவ்வாய்க்கிழமை ரிவ்யூ மீட்டிங்குக்கு வரும்போதே எல்லோருடைய போனும் ஒரு கட்டைப்பைக்குள் விழுந்துவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கம்ப்யூட்டர் பார்க்கும் மாதவன் அவற்றை வரிசையாகச் சார்ஜில் போட்டு, சத்தத்தைக் குறைத்து, வீடியோக்களைத் தள்ளித் தள்ளி ஓடவிடுவான். ஒரு போனில் சரியான விடையைக் கண்டுபிடித்து எல்லாவற்றிலும் அமுக்கிவிடுவான். இருபத்திரண்டு பேரும் நூற்றுக்கு நூறு. அவனுக்கு வடை வாங்கிக் கொடுத்துச் சிரித்தோம். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. வகுப்பில் பொம்மையைத் தொட்டுப் பழகினால் போதும், தனக்கு வேண்டியது அதுதான் என்றார்.

காரணம் எனக்குத் தெரியும். போன வருடம் அக்காவின் கிராமத்து ரிஸ்வானாவுக்கு ஆம்புலன்ஸ் வருவதற்குள் வீட்டிலேயே பிரசவமாகிவிட்டது. பிள்ளை அழவில்லை. அக்கா மாஸ்க்கை வைத்துக் காற்றுப் பையை அமுக்கிக்கொண்டே இருந்தார். நெஞ்சு ஏறவே இல்லை. பிள்ளை போய்விட்டது. ரிஸ்வானாவின் கணவர் வெளிநாட்டில் இருந்தார், போனிலேயே அழுதார். யாரும் அக்காவைக் குறை சொல்லவில்லை. தான் செய்தது சரியா தவறா என்று தெரியாமல் அக்காதான் ஒரு வருடமாக வெந்துகொண்டிருந்தார்.

வகுப்பு நாள் வந்தது. பயிற்சி கொடுக்க வந்த டாக்டருக்கு மதியத்துக்கு மேல் இன்னொரு கூட்டமாம். பட்டியலைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. எல்லோரும் நூறு வாங்கியிருக்கும்போது செய்முறை எதற்கு என்றார். பொம்மை அட்டைப்பெட்டியிலிருந்து வெளியே வந்தது, போட்டோவுக்காக. எடுத்ததும் உறையோடு உள்ளே போய்விட்டது. கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகச் சொன்னார்கள். எங்களுக்கும் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

அக்கா எழுந்தார். நான் அவர் சேலையைப் பிடித்து இழுத்து, "சும்மா இருங்கக்கா" என்றேன். அவர் கேட்கவில்லை.

"அந்த நூறு நான் வாங்குனது இல்ல டாக்டர். ஒரு வீடியோகூட நான் பாக்கல. இந்தப் பொம்மையில செஞ்சு பாக்காம நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அவர் எங்களில் யார் பெயரையும் சொல்லவில்லை. மெமோ அவருக்கு மட்டும் வந்தது அதனால்தான்.

டாக்டர் முகத்தைச் சுளித்துக்கொண்டு பெட்டியைத் திறந்தார். அக்கா பொம்மையை மேசையில் கிடத்தி, தலையை நன்றாகப் பின்னால் சாய்த்து, மாஸ்க்கை வைத்து அமுக்கினார். நெஞ்சு ஏறவில்லை. மறுபடியும் அமுக்கினார். ஏறவில்லை.

"இவ்வளவு சாய்க்கக் கூடாதும்மா, மூச்சுக்குழல் அடைச்சிரும். லேசா நிமிந்திருந்தாப் போதும்" என்று டாக்டர் தலையைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தார். அக்கா அமுக்கினார். நெஞ்சு ஏறி இறங்கியது.

அக்கா கையை எடுக்கவில்லை. "ரிஸ்வானா பிள்ளைக்கும் நான் அப்பிடித்தான் சாய்ச்சேன்" என்றார்.

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். அதற்குப் பிறகு யாரும் சாப்பிடப் போகவில்லை. வரிசையில் நின்று ஒவ்வொருவராகச் செய்து பார்த்தோம். முதல் தடவையில் நெஞ்சை ஏறவைத்தவர்கள் மூன்றே பேர். எனக்கு நான்கு தடவையும் ஏறவில்லை. என் கிராமங்களில் அந்த மாதம் ஏழு பேருக்குப் பிரசவத் தேதி இருந்தது.