மலையில் பதிந்த முகம்

பாகூரில் வரப்புத் தகராறென்றால் முதலில் கைநீட்டுகிறவன் நான். செஞ்சி மலையில் சூரிய உதயத்தைப் படமெடுக்கும்போது மட்டும் மனசு அடங்கும், கடவுள் இருக்கிறார் என்று தோன்றும்.

அன்று கேமராவை ஸ்டாண்டில் பொருத்தி, நொடிக்கொரு படம் தானாக எடுக்க வைத்துவிட்டு, சூரியனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூட வந்த நண்பன் அன்வர் திடீரென்று பாய்ந்து அதைப் பிடுங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

"இன்னாடா வெளையாட்டு?" என்று மூஞ்சியிலேயே குத்தினேன்.

பாறையில் விழுந்தான். உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. கேமராவை நெஞ்சோடு அணைத்திருந்தான்.

"காத்துல ஸ்டாண்டு சாஞ்சிடுச்சிடா. கேமராவுக்கு ஒண்ணும் ஆவல, பாரு."

வீட்டில் படங்களைப் பார்த்தேன். சூரியன், ஸ்டாண்டு சாயச் சாயச் சரிந்து தெரியும் மலை, அன்வரின் கை. கடைசியில், பல்லைக் கடித்துக் கையை ஓங்கும் என் முகம்.

அதைப் பூஜை அறைக் கதவில் ஒட்டியிருக்கிறேன். அந்த முகத்தைப் பார்க்காமல் என்னால் உள்ளே போக முடியாது.