காதர் பாய் ஏரோப்ளேனில் வந்த கதை

போன வியாழக்கிழமை எங்கள் தெருவே ராயபுரம் கடற்கரையில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கிரகணமா? இல்லை. பக்கத்து வீட்டுக் காதர் பாய் கராச்சியிலிருந்து ஏரோப்ளேனில் வருகிறார்!

பாய் தோல் வியாபாரி. கராச்சிக்குப் போன இடத்தில் வேலை இழுத்துக்கொண்டே போய்விட்டது. இங்கேயோ வியாழன் சாயங்காலம் மகள் ஹாஜிராவுக்கு நிக்காஹ். செவ்வாயன்று தந்தி வந்தது — 'நாளை விமானத்தில் புறப்படுகிறேன். நிக்காஹைத் தள்ள வேண்டாம்.'

யார் நம்புவார்கள்? எங்கள் பேட்டையில் தூரத்தை மைலில் சொல்கிற வழக்கமே கிடையாது. கப்பல் எத்தனை நாள் என்பதுதான் கணக்கு. "பம்பாய்க்குக் கப்பலு, அப்பால ரயிலு... நாலஞ்சு நாளு ஆவும் சார். ரெண்டு நாள்ல வர்றதுக்கு பாய் இன்னா காக்காவா?" என்றார், துறைமுகத்தில் வேலை பார்க்கும் முனுசாமி.

விட்டேனா? பத்திரிகைக்காரன் ஆயிற்றே! ஆயிரம் மைலுக்கு மேல்தான். ஆனாலும் ஒரு நாள் காலை கிளம்பினால், வழியில் ஓர் ஊரில் இரவு தங்கி, மறுநாள் பிற்பகல் மெட்ராஸ் என்று அடித்துச் சொன்னேன். அது தபால் விமானம்; மூட்டைகளுக்கு நடுவே ஆளுக்கும் இடம் தருகிறார்களாம்.

அத்தா, அதாவது அப்பா, வராவிட்டால் பாயின் அண்ணன் பெரியத்தா முன்னின்று நிக்காஹை நடத்தலாம். அவர் தயார். ஹாஜிராதான் தயாரில்லை. "அத்தா வந்து கேட்டாத்தான் சம்மதம் சொல்லுவேன். இல்லாங்காட்டி வாயே தொறக்க மாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் என்னைப் பார்த்து, "மாமா, நெசமா வந்துடுவாரா?" என்றாள்.

வருவார் என்று தலையை ஆட்டிவிட்டேன். வழியில் விமானத்துக்கு ஏதாவது ஆகிவிட்டால்...?

கடற்கரையில் மாலை, பாண்டு வாத்தியம், எல்லாம் தயார். எல்லாக் கண்ணும் கிழக்கே, கடல் மேலே. எங்கள் ஊருக்குத் தூரதேசத்து ஆள் வேறு எந்தப் பக்கமிருந்து வந்திருக்கிறார்? சாயங்கால அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லியாயிற்று. வானத்தில் பருந்துகள்தான் சுற்றின. மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுத்தார்கள். முனுசாமி என் முகத்தைப் பார்க்காமல் பீடி பற்ற வைத்தார்.

அப்போது பாயின் மைத்துனர் ஷரீஃப் பின்னாலிருந்து ஓடிவந்தார். "யோவ், அங்க இன்னாத்த பாத்துகினு கீறீங்க? மச்சான் வூட்ல குந்திகினு கீறாரு! வரவேற்க ஒரு ஆளு இல்லியேன்னு ஒரே பேஜாரு!"

விமானம் இறங்குவது மீனம்பாக்கத்தில் — ஊரின் அந்தக் கோடியில்! நேரத்தைப் படித்த மேதாவி நான், இடத்தைப் படிக்கவில்லை. பாய் டாக்ஸியில் வந்திருக்கிறார். ஆகாயத்தில் யாரும் மறிக்காத மனிதரை, பேசின் பிரிட்ஜ் அருகே கட்டைவண்டிகள் மறித்து நிறுத்திவிட்டனவாம்.

ஓடினோம். காதில் பஞ்சோடு பாய் உட்கார்ந்திருந்தார். அப்பாடா! எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, சொல்ல வெட்கமில்லை. இஞ்சின் இரைச்சலில் காது அடைத்துப்போய், எல்லோரிடமும் கத்திக் கத்திப் பேசினார்.

திரைக்குப் பின்னால் இருந்த மகளிடம் போய்ச் சம்மதம் கேட்டார். மணப்பெண் மெல்ல முனகுவதுதான் வழக்கம். ஹாஜிராவும் முனகினாள்.

"இன்னாம்மா? கேக்கலியே!"

"சம்மதம்த்தா!"

கடற்கரையில் இன்னும் கிழக்கே பார்த்து யாராவது நின்றிருந்தால், அவர்களுக்கும் கேட்டிருக்கும்!