என் தம்பி யாரையும் கொல்லவில்லை

கருவாயா... போயிட்டியேடா.

இன்று விடிகாலையில் என் தம்பி சுந்தரபாண்டி இறந்துவிட்டான். மூச்சு வாங்குகிறது என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

பழங்காநத்தம் வீட்டில் கிடத்தியிருக்கிறது. மூன்று மணிக்கு எடுக்கிறார்கள்.

துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் பேசுவது ஒன்றேதான். "ரேஸ் எஞ்சினை மாட்டி மச்சானைக் கொன்னானே, அவந்தான இவன்..." நாற்பது வருஷப் பேச்சு. இன்று அவன் தலைமாட்டிலேயே பேசுகிறார்கள்.

அது பொய். பொய் என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான். வாயால் சொல்லத் தைரியம் வரவில்லை, அதனால்தான் போனில் தட்டுகிறேன்... எடுப்பதற்குள் எல்லாரும் படிக்க வேண்டும். ஷேர் பண்ணுங்கள்.

எண்பதுகளின் தொடக்கம். மில்லில் மெஷின் மாட்ட வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது தன் காரை இங்கேயே விட்டுவிட்டுப் போனார். இத்தாலிக் கார், நாலு கதவு, சாம்பல் கலர். அதன் பேர் யார் வாயிலும் நுழையாது. எஞ்சின் செத்துப்போயிருந்ததால் தம்பிக்குச் சல்லிசாகக் கிடைத்தது.

தம்பி அப்போது கார் மெக்கானிக். மெட்ராஸில் ரேஸ் ஓடி நொறுங்கிய ஒரு வண்டியின் எஞ்சின், அதுவும் இத்தாலியில் செய்தது, காயலான் கடையில் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு லாரியில் போட்டுக் கொண்டுவந்துவிட்டான். அதை இந்தக் காருக்குள் உட்காரவைக்க ஏழு மாசம் ஆனது.

எல்லாம் மச்சானுக்காக. என் வீட்டுக்காரர் அடுத்தவர் டாக்சியை ஓட்டிக்கொண்டிருந்தார், சொந்தமாக ஒரு வண்டி என்பதுதான் அவர் ஆசை.

"என்ன மாப்ள, பீரோவுக்குச் சக்கரம் மாட்டுன மாதிரி இருக்கு?"

"சிரிக்காதீங்க மச்சான். உக்காந்து ஒரு மிதி மிதிச்சுப் பாருங்க, அப்புறம் பேசுங்க."

விளாங்குடியில் எங்கள் தெருவில் ஸ்டார்ட் பண்ணியபோது எதிர்வீட்டுக் கோழிகள் கூரைமேல் ஏறிவிட்டன. தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தவர் முகமெல்லாம் பல். "ரெண்டாவது கியருக்கே தெரு முடிஞ்சு போச்சுடா மாப்ள!"

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் தம்பி வந்தான். கையில் பை, ரயிலுக்குப் போகிற அவசரம். வீட்டுக்காரர் வெளியே போயிருந்தார்.

"அக்கா, மச்சான்கிட்ட மறக்காம சொல்லிரு. எஞ்சின்தான் மாத்தியிருக்கேன், பிரேக் பழைய பிரேக்தான். இம்புட்டு வேகத்த அது தாங்காது. பெரிய பிரேக் எடுக்கத்தான் மெட்ராஸ் போறேன். திங்கக்கிழமை வாரேன், அதுவரைக்கும் வண்டிய ரோட்டுல எடுக்க வேணாம்."

"சரிடா, சொல்றேன். நீ ரயில விட்றாத."

சொல்லவில்லை.

எனக்கும் அவருக்கும் மூன்று நாளாகப் பேச்சில்லை. என்ன சண்டை என்றால் சிரிப்பீர்கள்... ஒரு விசேஷத்துக்கு நான் கட்டிய சேலையைப் பார்த்து ஏதோ கேலி பண்ணிவிட்டார். நான் முதலில் வாயைத் திறக்கக் கூடாது என்ற வீம்பு.

அன்று சாயங்காலம் தட்டை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து, "சோறு இருக்கு, பசிக்கிறவுக சாப்பிடலாம்" என்றேன். அவரும் சுவரைப் பார்த்து, "குழம்புல உப்பு இருந்தா சாப்பிடலாம்" என்றார்.

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அப்போதே சொல்லியிருக்கலாம்... காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன்.

காலையில் நான் தண்ணீர் பிடித்து வருவதற்குள் வண்டியை எடுத்துவிட்டார். சமயநல்லூர் தாண்டி ஒரு மாட்டுவண்டி குறுக்கே வந்திருக்கிறது. ஒதுக்கப் போய்ப் புளியமரம்.

பிரேக்கை மிதித்த தடம் ரோட்டில் அம்புட்டு நீளத்துக்குக் கிடந்ததாம். பார்த்தவர்கள் சொன்னார்கள்.

திங்கட்கிழமை தம்பி வந்தான். தோளில் சாக்கு, சாக்குக்குள் பிரேக். வாசல் பந்தலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

என் மாமியார் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினார். "வண்டியாடா செஞ்ச? எம்மகனுக்குப் பாடையில்ல செஞ்சு குடுத்த!"

அவன் ஒரு தடவை என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன் என்ற ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வரவில்லை. அன்றும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை.

மறு வருஷம் என் மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தானே குத்த வேண்டும்... "அப்பனக் கொன்னவன் மடியில பிள்ளைய வைக்கவா?" என்று மாமியார் வீட்டார் மறித்தார்கள்.

தட்டில் தோடும் பாவாடையும் வைத்துக்கொண்டு நின்றவன், அதை என் கையில் கொடுத்துவிட்டு, "பிள்ள ரொம்ப அழாமப் பாத்துக்கக்கா" என்று சொல்லிப் போய்விட்டான்.

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால் துரத்திவிடுவார்களே, கைப்பிள்ளையோடு எங்கே போவது என்ற பயம். பயந்து பயந்தே நாற்பது வருஷம் போய்விட்டது.

அதற்குப் பிறகு அவன் ஒரு காரைக்கூடத் தொடவில்லை. அலங்காநல்லூர் பக்கம் பம்புசெட் ரிப்பேர் பார்த்தே காலத்தை ஓட்டினான்.

போன மாசம் வீட்டுக்கு வந்திருந்தான். எப்படியாவது கேட்டுவிட வேண்டும் என்று எதிரே உட்கார்ந்தேன்.

"என்னக்கா, ஏதோ சொல்ல வந்த?"

"ஒண்ணுமில்லடா. காபி ஆறுது, குடி."

இவ்வளவுதான் நடந்தது. சொந்தக்காரர்களே, இனிமேல் பேசுவதென்றால் என்னைப் பேசுங்கள். அவனை நல்லபடியாகத் தூக்கிப் போங்கள்.

போய் வாடா தம்பி...

ஒண்ணே ஒண்ணு. நான் மச்சான்கிட்ட சொல்லிட்டேன், அவருதான் கேக்காம எடுத்துட்டாருன்னு நெனச்சு, செத்த மனுசனக் காட்டிக்குடுக்க வேணாம்னு சும்மா இருந்தியா? இல்ல, நான் சொல்லவே இல்லைன்னு தெரிஞ்சுக்கிட்டேதான் இத்தன வருஷமும் என்னைய அக்கான்னு கூப்பிட்டியாடா?