டெமோ அக்காவின் ஒரு நிமிட வீடியோ

டெமோ அக்காவுக்கு ஒரு பெயர் இருந்தது. ஆபீசில் அது சம்பளம் போடுகிற கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் தெரியும். சினிமாக்காரர்களும் டிவிக்காரர்களும் காலங்காலமாகப் புழங்கும் எடிட்டிங் சாஃப்ட்வேரை விற்பதற்காக, ஊர் ஊராகக் காலேஜ்களுக்குப் போய் இயக்கிக் காட்டுவது அவள் வேலை. மவுஸைத் தொடவே மாட்டாள். கீபோர்டில் விரல் ஓட ஓட, காட்சிகள் கண்ணெதிரே வெட்டுப்பட்டு ஒட்டிக்கொள்ளும். அந்தச் சம்பளத்தில்தான் அவளும் மகளும் சாப்பிட்டார்கள்.

இளசுகளோ அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. எல்லா வேலையும் ஃபோனிலேயே முடிந்தது. “அடுத்து டெமோ காட்டப்போற இந்தக் காலேஜும் கைவிட்டுப் போச்சுன்னா உங்க வேலைக்கு நான் பொறுப்பில்ல மேடம்” என்றார் மேனேஜர். அவர் வேலைக்கு மட்டும் யாரோ பட்டா எழுதிக் கொடுத்திருந்தார்கள் போல.

மாணவர்களை இழுக்க ஒரு நிமிட வீடியோ கேட்டார். கண்ணும் கருத்துமாகச் செய்து கொடுத்தாள்.

“ரொம்பப் பழசா இருக்கே. காலேஜ் போற பொண்ணு வீட்டுல இருக்காளே, அவகிட்ட குடுங்க.”

மகள் சாப்பிட்ட கையோடு ஃபோனில் ஒரு டெம்ப்ளேட்டைப் பிடித்து, ஆடுகிற எழுத்தும் துள்ளுகிற பாட்டும் சேர்த்து நீட்டினாள். மேனேஜர் சொக்கிப்போனார்.

“சார், இது நம்ம சாஃப்ட்வேர்ல பண்ணதில்ல. ஃபோன்ல பண்ணது.”

“அதை யாரு கேக்கப்போறா? நம்மளோடதுன்னு கடைசியில ஒரு வரி போட்டுடுங்க.”

போட்டாள். வேறென்ன செய்வாள், வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

காலேஜ் அரங்கில் வீடியோ ஓடி முடிந்ததும் முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள். “மேடம், இது ஃபோன் ஆப்ல சும்மா கிடைக்கிற டெம்ப்ளேட்தானே? எங்கக்கா கல்யாண வீடியோவையே இதுலதான் பண்ணேன்.”

அரங்கமே கொல்லென்று சிரித்தது. டெமோ அக்கா மேனேஜரைப் பார்த்தாள். அந்த மனுஷன் மைக்கை வாங்கி, “மேடம் எங்களையே ஏமாத்திட்டாங்க” என்றார், துளிக்கூடக் கூசாமல். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாஃப்ட்வேரை இயக்கிக் காட்டச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.

வேலை போயிற்று. கொஞ்ச நாளில் மேனேஜர் ஃபோன் செய்தார், மகளுக்கு.

“அம்மா, அவர் என்னை வேலைக்குக் கூப்பிடுறார். அந்த சாஃப்ட்வேர் தெரியவே வேணாமாம். பசங்க முன்னாடி நின்னு சூப்பர்னு சொன்னா போதுமாம்.” மகளின் குரல் இறங்கியது. “மாட்டேன்னு சொல்லிடவா?”

ஆமாம் என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது. வீட்டில் வேறு வருமானம் இல்லை.

“போ. ஆனா அந்தாளு எதைச் செய்யச் சொன்னாலும் எழுத்துல வாங்கிக்கோ” என்றாள் டெமோ அக்கா. “இல்லேன்னா நாளைக்கு உன் தலையிலதான் விடியும்.”