காலரில் வைத்த மஞ்சள்

"கிட்ட வந்து மோந்து பாருங்கக்கா. வாடை ஏதும் வருதா?"

நேர்முகத் தேர்வு நாளில் என் மைவி காரின் கதவைத் திறந்ததும் ஷர்மினி கேட்கும் முதல் கேள்வி இதுதான். நானும் அவள் தோளருகே மூக்கை வைத்து இழுப்பேன். "ஒண்ணும் வரல, ஏறுடி" என்றால் நம்பமாட்டாள். தலையைக் குனிந்து கூந்தலையும் காட்டுவாள்.

பெஸ்தாரி ஜெயாவைத் தாண்டி ஒரு செம்பனைத் தோட்டத்தில் எங்கள் இரண்டு வீடும் அடுத்தடுத்து இருக்கின்றன. தோட்டத்து எண்ணெய் ஆலை ஓடும் நாளில் கொடியில் காயும் துணியெல்லாம் புளித்த எண்ணெய் வாடை அடிக்கும். எங்களுக்கு அது பழகிப்போச்சு. ஷர்மினி மட்டும் நேர்முகத்துக்கான சட்டையை வெளியில் காயப்போடவே மாட்டாள். அறைக்குள் மின்விசிறிக்கு நேரே தொங்கவிட்டுக் கதவைச் சாத்திவிடுவாள். முதல் நாள் தலைக்கு எண்ணெய் கிடையாது. நகத்தை ஒட்ட வெட்டிவிட்டு, பிசிறு இருக்கிறதா என்று கன்னத்தில் உரசிப் பார்ப்பாள். கொண்டையை இறுக்கிப் போடுகிற போடில் பார்க்கிற எனக்கே தலை வலிக்கும்.

சட்டம் படித்து முடித்த பெண். வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் ஒன்பது மாதம் பயிற்சி எடுத்தால்தான் நீதிமன்றத்தில் நின்று பேச முடியும். அந்த இடம்தான் கிடைத்தபாடில்லை. ஆறு அலுவலகம் ஏறி இறங்கிவிட்டாள். நான்காவதில் ஓர் அம்மாள் இவளை மேலும் கீழும் பார்த்து, "எஸ்டேட்டா?" என்று மட்டும் கேட்டாராம். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்த மோப்பக் கூத்து. ஏழாவது அலுவலகம் ராவாங் டவுனில். இதுவும் போனால் கையுறைத் தொழிற்சாலை வேலையில் சேர்ந்துவிடுவதாக அப்பாவிடம் வாக்குக் கொடுத்திருந்தாள்.

அதற்காகவே புது வெள்ளைச் சட்டை வாங்கினாள். காரில் உட்கார்ந்தால் கசங்கும் என்று டீ சட்டையில்தான் வருவாள். தேய்த்து மடித்த சட்டை கறுப்புப் பிளாஸ்டிக் பையில் மடிமேல் இருக்கும். வழியில் ராவாங் பெட்ரோல் எண்ணெய் நிலையத்துக் கழிப்பறையில் மாற்றிக்கொள்வாள். அந்த மடிப்பில் யாரும் கைவைக்கக் கூடாது. "தொடாதம்மா, மடிப்பு கலைஞ்சிரும்!" என்று அவள் அமராவதி அக்காவிடம் கத்துவது எங்கள் வரிசை முழுக்கக் கேட்கும். பெற்ற தாய்க்கே அந்தக் கதி.

அன்றும் எண்ணெய் நிலையத்தில் இறங்கிப் போனாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "திலகம் அக்கா!" என்று ஒரு கத்தல். போட்டது போட்டபடி ஓடினேன்.

சட்டைக் காலரில் கட்டைவிரல் அகலத்துக்கு மஞ்சள்.

புதுத்துணிக்கு மஞ்சள் வைக்காமல் எங்கள் வீடுகளில் யார் உடுத்துகிறார்கள்? ஆனால் உள்பக்க ஓரத்தில்தான் வைப்போம். மடிப்பைப் பிரித்தால் மகள் திட்டுவாள் என்று பயந்து, வெளியே தெரிந்த காலரிலேயே வைத்துவிட்டார் அமராவதி அக்கா.

"அழாதடி, இப்பப் போயிரும்" என்று சுவரில் இருந்த கைகழுவும் சோப்பை எடுத்து அழுத்தித் தேய்த்தேன். மஞ்சளில் சோப்பு பட்டால் சிவக்கும் என்று தெரியாதவளா நான்? அந்த நேரத்தில் புத்தி புல் மேயப் போய்விட்டது. காலர் ரத்தமாகச் சிவந்தது.

"ஐயோ அக்கா! யாரையோ குத்திட்டு வந்த மாதிரி இருக்கு!"

நேர்முகத்துக்கு இன்னும் முப்பத்தைந்து நிமிடம். அந்தக் காலையில் ஒரு துணிக்கடையும் திறந்திருக்கவில்லை. வாசலில் நாசி லெமாக் சோறு விற்றவரிடம் எலுமிச்சை கேட்டு வாங்கிவந்து பிழிந்தேன். சிவப்பு மறுபடி மஞ்சளானது, அவ்வளவுதான். கை உலர்த்தும் கருவியின் கீழே இருவரும் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கறை முன்னைவிடப் பெரிதாக இருந்தது. என் கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

கைப்பேசி அடித்தது. அமராவதி அக்கா. "மஞ்ச வச்சிருக்கேன், பாத்தியா கண்ணு? தொடைச்சிராத."

போச்சு, இன்றைக்கு அந்த அம்மா செத்தார் என்று நினைத்தேன். ஷர்மினி கண்ணை மூடிக்கொண்டாள்.

"பாத்தேம்மா. நல்லா இருக்கு."

சட்டையைப் போட்டு, மேலே கறுப்புக் கோட்டை மாட்டினாள். கறை மறையவில்லை. வழக்கறிஞர் அலுவலக வாசலில் இறங்கியவள் என்னை மோந்து பார்க்கச் சொல்லவில்லை.

வேலைக்குத் தாமதமாக வருவேன் என்று சொல்லிவிட்டுக் காரிலேயே கிடந்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. வந்தாள். இருக்கை வாரைப் போட்டாள்.

"வாயத் தொற லா!"

"காலர்ல என்னன்னு கேட்டாங்க. புதுச் சட்டைக்கு அம்மா வச்ச மஞ்சள், நாங்கதான் கழுவிக் கெடுத்துட்டோம்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் கேஸ் பத்திக் கேட்டாங்க. திங்கக்கெழம வேலைக்கு வரச் சொல்லிட்டாங்கக்கா."

நான் அழுதேன். அவள் அழவில்லை, கொண்டையை மட்டும் அவிழ்த்துவிட்டாள்.

திங்கட்கிழமை அவளை ஏற்றிக்கொள்ளப் போனேன். காலர் கதை அமராவதி அக்காவுக்கு இன்றுவரை தெரியாது. மேசைமேல் இன்னொரு புதுச் சட்டை, தேய்த்து மடித்தபடி. குழைத்த மஞ்சளை விரலில் வைத்துக்கொண்டு அக்கா இரண்டு முழம் தள்ளியே நின்றார். ஷர்மினி சட்டையை எடுத்தாள். மடிப்பெல்லாம் கலைய ஒரே உதறாக உதறினாள். உள்பக்க ஓரத்தைத் திருப்பி அம்மாவின் விரலுக்கு நேரே பிடித்தாள்.